பெருமுரசின் குரல்கள்

நுழையும்முன்
இசைக்கருவி எதுவும் பிறக்கும்போதே தன் முழு வடிவைப் பெற்றுவிடுவதில்லை. வாசிப்போரின் தேவையும் வாசிக்கும் இடமும் அதைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. மேலை இசையின் பெருமுரசு அவ்வாறு திருத்தப்பட்ட வரலாற்றைச் சொல்கிறது இக்கட்டுரை.

1920களில் அமெரிக்க நடன அரங்குகளுக்குச் சென்றவர்கள் மேடையில் ஒரு விந்தையைக் கண்டனர். இசைக்குழுவின் நடுவே பக்கவாட்டில் நிறுத்தப்பட்டிருந்த பெருமுரசு உள்ளிருந்து ஒளிர்ந்தது. அதன் முன்முகத்தில் தீட்டப்பட்டிருந்த ஏரியும் மலையும் நிலவும் அந்தி வெயில் பட்டவைபோல் மஞ்சளாய் மின்னின. பார்வையாளர்கள் அதனை மேடை அலங்காரம் என்றே எண்ணினர். முரசின் வயிற்றுக்குள் மின்விளக்கைப் பொருத்திய கலைஞருக்கோ வேறொரு கவலையும் இருந்தது. அக்காலத்து முரசுகளுக்குக் கன்றின் தோலே போர்த்தப்பட்டது. மழைநாள்களிலும், கூட்டம் நிறைந்த அரங்கின் காற்றில் ஈரம் ஏறிய இரவுகளிலும் தோல் தளர்ந்துவிடும். ஓசை ஈரத்துணியை அடித்தாற்போல் மந்தமாகிவிடும். உள்ளே எரிந்த விளக்கின் இளஞ்சூடு அத்தோலை உலர்த்தி விறைப்பாக வைத்திருந்தது.

திரையிசைக் கச்சேரி மேடைகளில் டிரம் செட்டைக் கண்டவர்கள் இந்த முரசை அறிவார்கள். வாசிப்பவரின் காலடியில், பார்வையாளரை நோக்கி வட்டமாக நிற்பது அது. பேஸ் டிரம் என்பது அதன் வழக்குப் பெயர். மற்ற முரசுகளும் தாளத் தட்டுகளும் ஓயாது பேசிக்கொண்டிருக்க, இது மட்டும் இடையிடையே ‘தும்’ என்று தலையசைப்பதோடு நின்றுவிடுவதாகத் தோன்றும். ஒரு சொல்லுக்குமேல் அறியாத கருவி என்று அதனை எண்ணுவது இயல்பு. அதனை வாசித்தவர்கள் அந்த ஒரு சொல்லோடு நிறைவடையவில்லை. நூறாண்டுகளுக்கும் மேலாக அவர்கள் அதனுள் துணியைத் திணித்தார்கள், முகத்தைக் கழற்றினார்கள், துளையிட்டார்கள், அளவைச் சுருக்கினார்கள், ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் பார்த்தார்கள். விளக்கு வைத்தவர் அந்த நீண்ட வரிசையில் ஒருவர்.

இரு சொற்களுடன் பிறந்தது

இக்கருவியின் மூதாதை ஊமையன்று. உதுமானியப் பேரரசின் படைகளுக்கு முன்னே முழங்கிய ‘தவுல்’ என்னும் துருக்கிய முரசு, தோளில் தொங்கவிடப்பட்டு இருமுகங்களிலும் வாசிக்கப்பட்டது. ஒரு கை கனத்த கோலால் ஒரு முகத்தை அடிக்கும். மறு கை மெல்லிய குச்சியால் மறுமுகத்தைச் சுண்டும். கனத்த அடியைத் ‘தும்’ என்றும் மெல்லிய அடியைத் ‘தெக்’ என்றும் துருக்கியர் சொற்கட்டாக வழங்கினர். ஒரு முகத்தைக் கோலாலும் மறுமுகத்தைக் கூடணிந்த விரல்களாலும் வாசிக்கும் தவிலைக் கேட்டுப் பழகிய செவிக்கு இந்த அமைப்பு அயலானதாகத் தோன்றாது.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படை இசைக்குழுக்கள் இம்முரசைத் தமதாக்கிக்கொண்டன. அங்கிருந்து அது இசை அரங்குக்குள் நுழைந்தது. 1782இல் வியன்னாவில் அரங்கேறிய மோசார்ட்டின் துருக்கியக் கதைக்கள இசைநாடகத்தில் கனத்த அடியும் குச்சியடியும் தனித்தனியே குறிக்கப்பட்டன. 1794இல் லண்டனில் ஒலித்த ஹைடனின் ‘மிலிட்டரி சிம்பொனி’யிலும் பெருமுரசு இடம்பெற்றது. பின்னர் மெல்லிய குச்சி பெரும்பாலும் வழக்கொழிந்தது. கோல் மட்டுமே எஞ்சியது. முரசு பருத்தது, சொல் குறைந்தது.

ஆயினும் கையால் வாசிக்கப்பட்டவரை அதன் குரலை மாற்றும் வழி கலைஞரிடமே இருந்தது. சேர்ந்திசைக் குழுவின் பெருமுரசுக் கலைஞரை உற்றுநோக்கினால் இது விளங்கும். ஒரு கை கோலை ஏந்தும். மறு உள்ளங்கை தோலின்மீது படிந்தோ விலகியோ நிற்கும். தேவைப்பட்டால் முழங்காலும் தோலைத் தொட்டு அடக்கும். நடுவில் அடித்தால் ஓர் ஓசை, விளிம்பருகே அடித்தால் வேறோர் ஓசை. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி, 1874இல் அரங்கேறிய தம் இரங்கல் இசையில், முரசின் அடி வறண்டு, உரத்து ஒலிக்கும்படி அதனை நன்கு இறுக்கிக் கட்டவேண்டும் எனக் குறிப்பெழுதினார். பெருமுரசின் ஓசைக்கும் ஒரு தன்மை வேண்டும் என்று அவர் கவலைப்பட்டிருக்கிறார். அதை இடி என்று மட்டும் எண்ணியவர் அவ்வாறு எழுதியிருக்கமாட்டார்.

கை போய்க் கால் வந்தது

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களின் நடனக் கூடங்களில் இடமும் குறைவு, பணமும் குறைவு. ஊர்வலத்தில் இருவர் மூவர் பகிர்ந்து வாசித்த முரசுகளை ஒருவரே வாசிக்க வேண்டியதாயிற்று. பெருமுரசையும் சிறுமுரசையும் அருகருகே நிறுத்தி, கையிலுள்ள கோல்களால் இரண்டையும் மாறிமாறி அடித்தனர். கால் மிதியால் அடிக்கும் கருவிகளும் சில தோன்றின. அவை வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. சிகாகோவில் வாசித்துவந்த வில்லியம் லுட்விக் என்ற இளைஞர், விரைந்து ஓடும் ‘ராக்டைம்’ இசைக்கு அக்கருவிகளால் ஈடுகொடுக்க முடியாமையைத் தம் காலிலேயே உணர்ந்தவர். அவர் 1909இல் புதிய மிதிகட்டை ஒன்றை உருவாக்கினார். மிதித்ததும் சிறு அடிகோல் முன்பாய்ந்து தோலைத் தாக்கி, வில்லின் இழுப்பால் உடனே பின்வாங்கியது. அவரும் அவருடைய சகோதரரும் அதனைச் செய்து விற்கத் தொடங்கிய சிறு முயற்சி, பின்னாளில் உலகறிந்த முரசு நிறுவனமாக வளர்ந்தது.

மிதிகட்டை இல்லையேல் டிரம் செட் இல்லை. கைகள் விடுபட்டன, வேகம் கூடியது. ஆனால் இதில் நிகழ்ந்த இழப்பைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கால் மிதிக்கிறது. தோலைத் தொட்டு அடக்கிய உள்ளங்கை எங்கே? விளிம்புக்கும் நடுவுக்கும் இடம்பெயர்ந்த கோல் எங்கே? அடிகோல் எப்போதும் ஒரே இடத்தைத் தாக்குகிறது. மறுமுகத்தை யாரும் தொடுவதே இல்லை. கை செய்துவந்த வேலைகளையெல்லாம் இனி முரசின் உடலே செய்தாக வேண்டும். பெருமுரசில் பின்னர் செய்யப்பட்ட மாற்றங்களுள் பல, போய்விட்ட அந்தக் கைக்கு மாற்றுத் தேடியவையே.

இந்தத் தேடல் ஏன் எளிதாக இல்லை என்பதற்கு இயற்பியல் விடை தருகிறது. இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டினால், அதன் அடிப்படை அதிர்வோடு இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என முழு எண் விகிதத்தில் மேலதிர்வுகள் எழும். அவை ஒன்றோடொன்று இசைந்து ஒரே சுருதியாகக் கேட்கின்றன. வட்டத் தோலின் இயல்பு வேறு. அதன் அடிப்படை அதிர்வை 1 என்று கொண்டால், அடுத்தவை ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கின்றி வருகின்றன. அவை ஒன்றோடொன்று முரண்படுவதால் சுருதி தெளிவதில்லை. முரசு பெரிதாயின் இம்முரண்பட்ட ஓசைகள் நெடுநேரம் நீடிக்கும். அத்துடன், பின்முகம் அதிர்ந்தால் உள்ளே அடைபட்ட காற்று முன்முகத்தையும் தள்ளி அதிரச் செய்யும். ஓர் அடிக்கு இரு தோல்கள் பதில் சொல்கின்றன. மெதுவான இசையில் அது கம்பீரம். விரைவான இசையில் அடுத்த அடி விழும்போதும் முந்தைய அடி முடிந்திருக்காது.

இதே சிக்கலுக்கு இந்திய மத்தளக் கலைஞர்கள் வேறு வழியில் தீர்வு கண்டிருந்தனர். மிருதங்கத்தின் வலந்தலையில் படிந்திருக்கும் கருஞ்சாந்து, தோலின் நடுவுக்கு எடை கூட்டி, சிதறிய மேலதிர்வுகளை முழு எண் விகிதத்துக்கு இழுத்து வருகிறது. சர் சி. வி. இராமன், எஸ். குமாருடன் இணைந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதனை எடுத்துரைத்தார். 1934இல் விரிவான ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். தொப்பி எனப்படும் இடந்தலையில் வாசிப்பதற்குமுன் ரவையைக் குழைத்து அப்புவதும் எடை கூட்டும் முறையே. அந்த ஈரப்பசையைக் கூட்டியும் குறைத்தும் கலைஞர் அன்றைய கச்சேரிக்கான கீழ்க்குரலைப் பெறுகிறார். கச்சேரி முடிந்ததும் வழித்து எடுத்துவிடுகிறார். மிருதங்கம் தோலுக்கு எடை சேர்த்துச் சுருதியைப் பெற்றது. மேலைப் பெருமுரசோ தேவையற்ற ஓசையை அடக்குவதிலேயே பெரிதும் கருத்தைச் செலுத்தியது.

அடக்குதலும் விடுதலையும்

அடக்கும் முறைகளுள் பழையதும் எளியதும் கம்பளித் துணிப்பட்டை. மூன்று நான்கு விரல் அகலமுள்ள பட்டையைத் தோலுக்கும் முரசின் விளிம்புக்கும் இடையே குறுக்காக இழுத்து மாட்டினால், அது ஓயாத உள்ளங்கைபோல் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சிலர் செய்தித்தாளைக் கிழித்து உள்ளே போட்டனர். சிலர் இறகுகளை நிரப்பினர்.

ஒலிப்பதிவு வந்தபோது முரசின்மேல் அச்சமே பிறந்தது. மின்ஒலிவாங்கி வருமுன், இசைக்குழு பெரிய கூம்பின் முன் நின்று வாசிக்க, கூம்பின் மறுமுனையிலிருந்த ஊசி மெழுகுத் தட்டில் தடம் கீறியது. பெருமுரசின் ஓர் அடி அவ்வூசியைத் துள்ளச் செய்துவிடும். 1923இல் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பதிவு செய்தபோது, இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அக்குழுவில் இருந்தார். முரசுக் கலைஞரான பேபி டாட்ஸோ பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் காட்ட வேண்டியிருந்தது. மேடையில் அவருடைய பெருமுரசு எப்படி ஒலித்தது என்பதை அந்த இசைத்தட்டுகளிலிருந்து அறிய வழியில்லை. ஒரு பெருங்கலைஞரின் பாதிக் குரல் அவ்வாறு வரலாற்றில் பதியாமலே போயிற்று.

1940களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ‘பீபாப்’ என்னும் புதிய ஜாஸ் உருவானது. கென்னி கிளார்க் என்ற கலைஞர், வேகமான பாடல்களில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பெருமுரசை மிதித்துக் கால் ஓய்ந்துபோனதால், தாளத்தைத் தட்டுக்கு மாற்றினார். கால் ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்ற கால் எதிர்பாராத இடங்களில் ஓர் அடியை வீசியது. போர்க்காலமாதலால் அதனைக் ‘குண்டு போடுதல்’ என்றனர். காவலாளாய் நின்ற பெருமுரசு உரையாடலில் பங்கேற்கத் தொடங்கியது அப்போதுதான். பேசும் முரசுக்குப் பெரிய வயிறு தேவைப்படவில்லை. 26, 28 அங்குலம் என்றிருந்த விட்டம் காலப்போக்கில் 20, 18 எனச் சுருங்கியது. சிறிய முரசை இறுக்கிக் கட்டி, துணி ஏதும் இன்றி இரு தோல்களையும் விடுதலையாக ஒலிக்கவிட்டால், ஏறத்தாழப் பாடும் குரல் கிடைத்தது. தரையில் நிற்கும் பெரிய ‘டாம்’ முரசைக் கிடத்தி, அதற்குக் கால் பொருத்தி, மிதிகட்டையை மாட்டிப் பெருமுரசாக்கிக்கொள்வோரும் உண்டு. பணமில்லாதவரின் உத்தியாயினும் அதன் ஓசை ஏழ்மையானதன்று.

ஒன்றைச் சிறிதாக்கியவர்கள் இருக்க, இரண்டாகப் பெருக்கியவரும் இருந்தார். இல்லினாய் மாநிலத்துப் பள்ளி மாணவர் லூயி பெல்சன், 1930களின் இறுதியில் ஓவிய வகுப்புக்காக ஒரு டிரம் செட்டை வரைந்தார். அதில் இரு பெருமுரசுகள், ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. அந்த ஓவியம் முரசாக உருப்பெறச் சில ஆண்டுகள் பிடித்தன. 1950களின் தொடக்கத்தில் டியூக் எலிங்டனின் புகழ்பெற்ற குழுவில் அவர் அதனை வாசித்தார். இருகால்களும் இருவேறு குரலில் உரையாடுவதைக் கேட்டு அரங்கங்கள் வியந்தன. 1980களில் இரட்டை மிதிகட்டைகள் கடைகளுக்கு வந்தபின் ஒரே முரசை இருகால்களால் அடிக்க முடிந்தது. வேகம் எஞ்சியது, இருவேறு குரல் என்னும் செல்வம் பெரும்பாலும் மறைந்தது.

இதற்கிடையே தோலே மாறிவிட்டது. 1950களின் பிற்பகுதியில் பாலியஸ்டர் படலத்தாலான முகங்கள் விற்பனைக்கு வந்தன. மழையும் வெயிலும் அவற்றைத் தளர்த்தவில்லை. விளக்கு அணைந்தது. ஆனால் புதிய முகம் கன்றுத்தோலைவிடக் கூர்மையாக ஒலித்தது. அதன் முரண்பட்ட மேலோசைகளும் தெளிவாகக் கேட்டன. அடக்கும் தேவை முன்னைவிடக் கூடியது.

1966 ஏப்ரலில் லண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் ‘ரிவால்வர்’ இசைத்தொகுப்புக்கான பதிவைத் தொடங்கினர். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது இருபது. நிலையத்தில் நான்கு கழுத்துகள் கொண்ட ஒரு விந்தையான கம்பளிச் சட்டை கிடந்தது. எமெரிக் அதனை எடுத்து ரிங்கோ ஸ்டாரின் பெருமுரசுக்குள் திணித்தார். ஒலிவாங்கியை முரசிலிருந்து விலக்கியே வைக்கவேண்டும் என்ற நிலைய விதியை மீறி, சில அங்குலத் தொலைவுக்குக் கொண்டுவந்தார். ஓசை குறுகியது, கனத்தது, செவியருகே வந்தது. தொலைவில் கேட்ட இடி நெஞ்சுக்குள் விழும் அடியாக மாறியது. அத்தொகுப்பின் இறுதிப் பாடலைக் கேட்பவர் இதனை இன்றும் உணரலாம்.

வெற்றி பெற்ற உத்தி விதியாகிவிடுவதுண்டு. 1970களில் முன்முகத்தையே கழற்றிவிட்டு, உள்ளே தலையணையும் போர்வையும் அடைத்து, ஒலிவாங்கியை உள்ளே நுழைப்பது பதிவு நிலையங்களின் வாடிக்கையாயிற்று. அடி தெளிவாகக் கேட்டது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு, குழுவுக்குக் குழு அதே அடி கேட்டது. அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போன்ற அவ்வோசையில் முரசு எது, தலையணை எது என்று பிரித்தறிவதே அரிது. ஒரு கருவியின் குறைகளையெல்லாம் களைந்தபின் கருவியே எஞ்சாமற்போகும் இடமும் உண்டு. அக்காலத்துப் பதிவுகள் சில அங்கே போய் நின்றன.

அதே காலத்தில் ஜான் பான்ஹம் எதிர்த்திசையில் நடந்தார். லெட் செப்பலின் குழுவைச் சேர்ந்த அவருடைய பெருமுரசு 26 அங்குல விட்டமுடையது, இருமுகங்களும் பூட்டியது. 1971இல் வெளிவந்த ஒரு பாடலுக்காக, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள பழைய மாளிகையொன்றின் மாடிப்படிக் கூடத்தில் அவருடைய டிரம் செட் அமைக்கப்பட்டது. பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு ஒலிவாங்கிகளை மேலே மாடிப்படியில் தொங்கவிட்டார். முரசுக்குள் எதையும் திணிக்கவில்லை. முரசு ஒரு வீட்டுக்குள் வைக்கப்பட்டது. சுவர்களில் மோதி ஏறிய அந்த ஓசையைப் பிற்காலத்து இசைக்கலைஞர் பலர் வெட்டியெடுத்துத் தம் பாடல்களில் பயன்படுத்தியிருக்கின்றனர்.

கத்தியை எடுக்குமுன்

இன்றைய கலைஞர் இவ்விரு எல்லைகளுக்கும் இடையே நிற்கிறார். ஒரே மாலையில் மெல்லிசையும் வேக இசையும் வாசிக்க வேண்டியவருக்கு இரண்டு முரசுகளைச் சுமந்துசெல்லும் வசதி இராது. முதலில் அவர் திருகுகளையே நாடுகிறார். முகத்துக்கு எட்டோ பத்தோ இருக்கும் திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்குகிறார். தோலின் சுருக்கம் நீங்கும் அளவே இறுக்கினால் ஆழ்ந்த குரல். மேலும் இறுக்கினால் பாடும் குரல். அடுத்து அடிகோல். கம்பளி உருண்டை தந்த மென்மையான அடிக்குப் பதிலாக மரத்தலை பொருத்தினால் ‘டக்’ என்ற முனை கூடுகிறது. காலும் உதவும். மிதித்தவுடன் அடிகோலைத் தோலிலிருந்து மீளவிட்டால் ஓசை மலரும். தோலிலேயே அழுத்தி நிறுத்தினால் அடங்கும். தவுலின் இரு சொற்கள் இவ்வளவு காலத்துக்குப்பின் பாதத்தின் வழியே திரும்புகின்றன. அதன்பின் ஒரு குளியல் துண்டு. அதனைச் சுருட்டி உள்ளே கிடத்தி, தோலை எத்தனை அங்குலம் தொடவேண்டும் என்று பார்ப்பார்கள். தலையணையைவிடத் துண்டு நல்லது. அது குரலைக் குறைக்கிறது, நெரிப்பதில்லை. சிலர் ஒலிபெருக்கியின் கூம்பைத் தலைகீழாகப் பயன்படுத்தி, அதையே முரசின் முன் ஒலிவாங்கியாக நிறுத்துவர். அகன்ற அக்கூம்பு முரசின் மிகத் தாழ்ந்த அதிர்வுக்கு அசைந்துகொடுத்து, சிறிய ஒலிவாங்கிகள் தவறவிடுவதைப் பற்றிக்கொள்கிறது.

இவை அனைத்தும் மீட்டெடுக்கக்கூடிய மாற்றங்கள். மரத்தில் துளையிடுவது அவ்வாறன்று. 1960களைச் சேர்ந்த அருமையான முரசுகள் பல, தாங்கிகளைப் பொருத்துவதற்காகத் துரப்பணமிடப்பட்டு மதிப்பிழந்திருக்கின்றன. ஒரு மாலைத் தேவைக்காக இடப்பட்ட துளை அம்முரசின் வாழ்நாள் முழுவதும் இருக்கும். வெட்டத்தான் வேண்டுமெனில் முகத்தை வெட்டலாம். முகம் தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது.

முன்முகத்தில் இடப்படும் துளை பொதுவாக 4 முதல் 6 அங்குல விட்டமுடையது. அதைவிடப் பெரிதானால் முகம் இருந்தும் இல்லாததுபோலாகும். நடுவில் இடுவதில்லை, தோல் மிகுதியாக அசைவது அங்கேதான். கீழ்ப்புறத்தில் ஓரமாக வட்டம் வரைந்து, கூரிய கத்தியால் சீராக அறுத்தெடுப்பர். வெட்டின் விளிம்பில் சிறு கீறல் விட்டுப்போனாலும் அது நாளடைவில் நீண்டு முகத்தைக் கிழித்துவிடும். ஆகவே விளிம்புக்கு வளையம் பொருத்துவதுண்டு. துளை திறந்ததும் அடைபட்ட காற்று வெளியேற வழிகிடைக்கிறது. அடி கூர்மையாகிறது, நீட்டம் குறைகிறது, காலுக்குக் கீழே அடிகோலின் துள்ளலும் தணிகிறது. ஒலிவாங்கி அத்துளை வழியே உள்ளே செல்லும்.

ஒலிவாங்கி மட்டுமன்று. மெல்லிசைப் பாடல் முடிந்து அடுத்த பாடலுக்குமுன் கிடைக்கும் சில நொடிகளில், கலைஞர் முன்னே வந்து குனிந்து அத்துளைக்குள் கையை நுழைக்கிறார். உள்ளே கிடக்கும் துண்டை விரலால் பற்றி, தோலோடு நெருக்கித் தள்ளுகிறார். மீண்டும் இருக்கையில் அமர்ந்து, காலால் ஒருமுறை மிதித்துக் கேட்கிறார்.